நிறைகுடத்தோடு வில்லியே லே பெல் வரை

2019 யூன், சனிக்கிழமை, காலை. லண்டன்.

போன வருடம் இந்த ஆட்டத்துக்கு விசில் ஊதிய மனிதருக்கு முன்பல் இரண்டு போனது. அதை எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. பயணச்சீட்டு எடுத்து, பெட்டி கட்டி, ரயிலில் ஏறி, ரயில் நகர்ந்த பிறகுதான், பாரிஸிலிருந்து என்னை நடுவராகக் கூப்பிட்ட ரவி தொலைபேசியில் சொன்னார்.

"பெரிசா ஒண்டுமில்லை அக்கா. இப்ப கட்டின பல்லுப் போட்டிருக்கிறார். முந்தியிலும் பாக்க வடிவாக் கிடக்கு."

நாசமாய்ப் போக! கடலுக்கு அடியில் போகும் ரயிலில் இருந்து நடுவழியில் இறங்கவும் முடியாது. எனக்குப் பயம் வந்தால் வாய் கூடும். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவரிடம் பாரிஸ் வரும்வரை பேசிக்கொண்டே வந்தேன். பாவம், அவர் நித்திரை கொள்ள நினைத்திருந்தார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்தெட்டு. வடமேற்கு லண்டனில் ஒரு ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிறேன். சனி ஞாயிறுகளில் உதைபந்தாட்ட நடுவர். முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். இருந்தாலும் பாரிஸிலிருந்து என்னைக் கூப்பிட்டது சான்றிதழுக்காக இல்லை. காரணத்தை ரவி ஒளிக்காமல் சொன்னார்.

"ஆம்பிளை எண்டால் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலை படிச்சிருப்பான் அக்கா. அந்தப் பள்ளிக்கூடம் எங்களிட்டையோ அவையிட்டையோ எப்பவாவது தோத்திருக்கும். அந்தக் காய்ச்சல் சாகுமட்டும் போகாது. நீங்கள் பெண்கள் பாடசாலை. உங்களுக்கு ஒருத்தரோடையும் கோபமில்லை."

எனக்கு எல்லோரோடும் கோபம்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆட்டம் புளியங்கரை மத்திய கல்லூரிப் பழைய மாணவர்களுக்கும் ஆலடி இந்துக் கல்லூரிப் பழைய மாணவர்களுக்கும். இரண்டு பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். நான் இன்னும் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்குப் போய்த் தோசை சாப்பிட வேண்டியவள். ஊரில் இந்த இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் நடுவே ஒரு வயல்வெளிதான். அங்கே தொடங்கிய பகை விமானம் ஏறிப் பாரிஸுக்கும் வந்து, வருடா வருடம் கோடையில் ஒரு ஞாயிறு மைதானத்தில் இறங்கும்.

இந்த வருடம் பகை முறுகிப் போயிருந்தது. பாரிஸில் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் எல்லாம் இதுவரை ஒரே சம்மேளனமாக விளையாடி வந்தன. பட்டணத்துப் பெரிய கல்லூரிகள் இப்போது பிரிந்து போய்த் தனிச் சம்மேளனம் தொடங்கியிருக்கின்றன. நகைக்கடை முதலாளி ஒருவர் பணம் போடுகிறார். நல்ல புல்தரை, புதுச் சட்டை, பெரிய கிண்ணம். அவர்கள் புளியங்கரையை வாருங்கள் என்று அழைத்தார்கள். ஆலடியை அழைக்கவில்லை. புளியங்கரை ஓம் என்றுவிட்டது. ஆகவே நாளை நடப்பதுதான் இரண்டு பள்ளிக்கூடமும் மோதும் கடைசி ஆட்டம். தலைமுறை தலைமுறையாகத் திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இனித் திட்ட ஆள் இல்லை. அந்த ஆத்திரத்துக்கு நடுவில் விசிலோடு நிற்கப் போவது நான்.

சனிக்கிழமை, மதியம். ரூ பெர்தொனே.

கார் து நோர் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் லா சப்பல் நடை தூரம். பெட்டியை இழுத்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்தேன். தமிழ் எழுத்துப் பலகைகள் தொடங்கிய இடத்தில் மணமும் தொடங்கியது. முருங்கைக்காய்ப் பெட்டிகள் நடைபாதையை அடைத்துக் கிடந்தன. ஒரு கடை வாசலில் றோல்ஸ் ஒன்று ஒன்றரை யூரோ, தேத்தண்ணீர் ஒரு யூரோ என்று எழுதியிருந்தது. மெட்ரோ இங்கே நிலத்துக்கு மேலே, இரும்புப் பாலத்தில் ஓடுகிறது. அது தடதடத்துப் போகும்போதெல்லாம் பேசுபவர்கள் பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

ரூ பெர்தொனே ஒரு சின்னத் தெரு. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்மேசையில் எனக்காகக் கூட்டம் போட்டிருந்தார்கள். ரவி புளியங்கரைச் சங்கத்தின் செயலாளர். ஒரு வங்கிக் கட்டடத்தில் துப்புரவு மேற்பார்வை செய்கிறார். எதிரில் ஆலடிச் சங்கத்தின் தலைவர் செல்வம் அண்ணை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். முப்பது வருடமாக உணவகச் சமையற்காரர். கையிரண்டும் அகப்பைக் காம்பு மாதிரி வைரம் பாய்ந்தவை. மூன்றாவது ஆள் புதுச்சேரிக்காரர், அந்துவான் என்று பெயர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் கோட்டு நடுவர்.

"எனக்கு ரெண்டு கொலேஜும் ஒண்ணுதாம்மா," என்றார் அவர் என்னிடம். "அதனாலதான் என்னப் புடிச்சாங்க. போன வருஷமும் நான்தான் கொடி புடிச்சேன். கொடியப் போட்டுட்டு ஓடினேன், பொழச்சேன்."

கூட்டத்தின் விடயம் கேலிச் சைகைகள். எதை விடுவது, எதற்கு அட்டை காட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டுமாம். புளியங்கரையின் சின்னம் சேவல். ஆகவே ஆலடியார் கோல் போட்டால் இரண்டு கைகளாலும் ஒரு கோழியின் கழுத்தைத் திருகிக் காட்டுவார்கள். ஆலடியின் சின்னம் குத்துவிளக்கு. புளியங்கரையார் கோல் போட்டால் ஐந்து விரல்களையும் குவித்து வாய்க்கு நேரே பிடித்து, பூ என்று ஊதி அணைப்பார்கள். வளர்ந்த மனிதர்கள், வீட்டுக் கடன் கட்டுபவர்கள், மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர்கள் இதை என் முன்னால் செய்து காட்டினார்கள். கழுத்துத் திருகலில் 'கொக்கரக்கோ' சத்தம் சேர்க்கலாமா கூடாதா என்று கால் மணி நேரம் வாக்குவாதம். பார்வையாளர் செய்யலாம், விளையாடுபவர் செய்தால் மஞ்சள் அட்டை என்று தீர்ப்புச் சொன்னேன்.

பிறகு நான் கேட்டேன்: "குடம்?"

மெட்ரோ எதுவும் அப்போது போகவில்லை. இருந்தும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஊரில் இருந்த காலத்தில் இந்த ஆட்டத்தின் உச்சம் அதுதான். வென்றவர்கள் தோற்ற பள்ளிக்கூடத்துக்குக் கொள்ளிக்குடம் உடைப்பார்கள். சுடலையில் செய்வது போலவே, தண்ணீர் நிறைந்த மண்குடத்தைத் தோளில் வைத்து மைதானத்தை மூன்று சுற்று. சுற்றுக்குக் கத்தியால் ஒரு கொத்து, கொத்துக்கு ஒரு ஓட்டை. மூன்றாம் சுற்று முடிய முதுகுப் பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது. நான் சிறுமியாக வேலியால் எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

செல்வம் அண்ணை தேத்தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். "அது 2009க்குப் பிறகு இல்லைத் தங்கச்சி. ஒருத்தரும் விடச் சொல்லிச் சொல்லேல்லை. தானா நிண்டுபோச்சு."

போர் முடிந்த அந்த வருடத்தில் எத்தனை பேருக்குக் குடமும் இல்லை, கொள்ளியும் இல்லை என்பது அந்த மேசையில் எல்லோருக்கும் தெரியும். தோசை வந்தது. சாப்பிட்டோம்.

சனிக்கிழமை, பின்னேரம். வில்லியே லே பெல்.

ரவியின் வீட்டில்தான் எனக்குத் தங்கல். கார் து நோரிலிருந்து ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர் ரயிலில் வடக்கே இருபது நிமிடம், பிறகு பஸ். அடுக்குமாடிகள், நடுவே புல், புல்லில் பந்து உதைக்கும் பிள்ளைகள். ரவியின் மனைவி வசந்தி கதவைத் திறந்த உடனேயே என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். சின்ன உருவம். விமான நிலைய உணவுக்கூடத்தில் வேலை.

வரவேற்பறையில் ஒரு படம் மாட்டியிருந்தது. சேவல் போட்ட மஞ்சள் சட்டை, கையில் உறை, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் பொடியன். படத்துக்கு மாலை இல்லை, பொட்டு இல்லை, முன்னால் விளக்கும் இல்லை.

"என்ர தம்பி, சுதன்," என்றாள் வசந்தி. "புளியங்கரை கோல் காப்பாளர்."

காப்பாளர் என்றாள், காப்பாளராக இருந்தான் என்று சொல்லவில்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை. பத்து வருடமாக வசந்தி கேட்காத இடமில்லை. ஊரில் எத்தனையோ பேர் எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று செத்தவர்களுக்குச் செய்யும் எதையாவது செய்து முடிக்கச் சொன்னார்களாம். இவள் ஒருவரையும் கிட்ட அண்டவிடவில்லை.

ரவி குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். நாளைக்கு அவங்கள் என்ன கூத்தும் ஆடட்டும். சேவல் கழுத்தைத் திருகட்டும். குடம் மட்டும் உடையக்கூடாது."

"அது இப்ப இல்லையாமே. செல்வம் அண்ணையே சொன்னவர்."

"இது கடைசி மேட்ச். ஆலடியார் கொதிச்சுக்கொண்டு நிக்கினம். எனக்கு ஒரு கிழமையா நித்திரை இல்லை அக்கா. புளியங்கரைக்கு எண்டு என்ர கண்ணுக்கு முன்னாலை குடம் உடைஞ்சால் அது ஆருக்கு உடையிறது? அவனுக்குத்தானே?"

பல்லுப் போனால் கட்டிக்கொள்ளலாம், இதற்கு என்ன செய்வது என்று எனக்குள் ஓடியது.

"நான் நிக்கிறன்தானே. குடம் வந்தால் ஆட்டத்தையே நிப்பாட்டிப்போடுவன்," என்றேன்.

பெரிய வீராங்கனை மாதிரிச் சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கு அப்போதே பயம்.

ஞாயிற்றுக்கிழமை, காலை. சென் தெனிக்கு அப்பால்.

சென் தெனியிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத் தூரத்தில் நகரசபை மைதானம் ஒன்று. புல் பாதி, மண் பாதி. ரவியின் வான் வண்டியில் போய் இறங்கினோம். ஒரு பக்கம் மஞ்சள் கொடிகள், மறு பக்கம் சிவப்பு. இரண்டு பக்கமும் மேளம். வாசலில் ஒரு மேசை போட்டு, வெள்ளை விரித்து, வசந்தி நிறைகுடம் வைத்தாள். எந்த நல்ல காரியத்துக்கும் வைப்பதுதான். அவளே வீட்டிலிருந்து கொண்டுவந்த மண்குடம், வீட்டிலேயே நிரப்பிய தண்ணீர், மாவிலை, மேலே தேங்காய். குங்குமம் வைத்துவிட்டுக் கும்பிட்டாள். அருகில் தேங்காய் உடைக்க ஒரு கத்தி.

குடத்தைக் கண்டதும் ஒரு அடி பின்வாங்கினேன். சீச்சீ, இது நிறைகுடமடி, மங்கலம், என்று என்னையே ஏசினேன்.

முதற்பாதி ஒழுங்காகவே போனது. புளியங்கரை ஒன்று போட்டது. நூறு வாய்கள் சேர்ந்து பூ என்று விளக்கை ஊதின. ஆலடி ஒன்று போட்டது. நூறு சேவல்களின் கழுத்து ஒரே நேரத்தில் திருகப்பட்டது. 'கொக்கரக்கோ' சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நானும் சிரித்துவிட்டேன் என்றால் பாருங்கள்.

இடைவேளையில் கெட்டது காரியம். நகைக்கடை முதலாளி படம் எடுக்க வந்திருந்தார். அவருக்காகப் புளியங்கரை அணி சேவல் சட்டையைக் கழற்றிவிட்டு, புதுச் சம்மேளனத்தின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் திரும்பி வந்தது. நெஞ்சில் சேவல் இல்லை. கடையின் பெயர்.

சிவப்புப் பக்கத்தில் மேளம் நின்றது. செல்வம் அண்ணை கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

"எடேய் ரவி! எங்களோடை விளையாடி முடியமுன்னமே அவையின்ர சட்டையோ? அரை மணித்தியாலம் பொறுக்க ஏலாதோ உங்களுக்கு? நாங்கள் என்ன, செத்துப்போனமோ?"

நான் செல்வம் அண்ணையை வெளியே போகச் சொன்னேன். போனார். சட்டையை மாற்றச் சொல்லி நான் உத்தரவு போட்டிருக்கலாம். விதியில் அதற்கு இடமில்லை என்று எனக்கு நானே சொல்லி விளையாட்டைத் தொடங்கினேன்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் புளியங்கரைப் பின்கள வீரன் ஒருவன் கோலுக்கு நேரே வந்த பந்தைக் கையால் தடுத்தான். இங்கே பிறந்த பொடியன். நான் விசில் ஊதியதும் "மதாம், செ பா வ்ரே!" என்று கத்தினான், பொய் என்று. முழங்கை வரை மண் ஒட்டியிருந்தது, கண் பொய் சொல்லாது. தண்ட உதை கொடுத்தேன். ஆலடி போட்டது. இரண்டுக்கு ஒன்று. கடைசி விசிலை ஊதிவிட்டு, எந்தப் பக்கத்தால் ஓடலாம் என்று அந்துவானைப் பார்த்தேன். அவர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்கெனவே வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

செல்வம் அண்ணை வாசல் மேசையில் நின்றார். தேங்காயை ஒரு கையால் தட்டி விழுத்தினார். மாவிலையைப் பிடுங்கி எறிந்தார். நிறைகுடத்தைத் தூக்கி இடது தோளில் வைத்தார்.

கடவுளே.

"சட்டையையே கழட்டிப்போட்டாங்கள்! செத்த வீட்டுக்குச் செய்யவேண்டியதைச் செய்வம்!" என்று கத்தியபடி நடக்கத் தொடங்கினார். இன்னொருவர் மேசைக் கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். இளம் பொடியளுக்கு இது என்ன என்றே தெரியாது. சிரித்துக்கொண்டு தொலைபேசியில் படம் எடுத்தார்கள். வயது வந்தவர்கள் இரண்டு பக்கத்திலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நான் ஊதினேன். ஊதினேன். ஆட்டம் முடிந்த பிறகு நடுவரின் விசிலுக்கு யார் நிற்பார்கள்? இருந்தும் ஓடினேன்.

முதற்சுற்று முடிந்தது. கத்திக்காரர் ஒரு கொத்துக் கொத்தினார். குடத்தின் இடுப்புக்குக் கீழிருந்து தண்ணீர் கயிறாகப் பாய்ந்தது. செல்வம் அண்ணையின் முதுகெல்லாம் நனைந்தது. இரண்டாம் சுற்றுக்கு அவர் திரும்பியபோது வசந்தி முன்னால் நின்றாள். அவள் எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியாது. செருப்பில்லை.

"அண்ணை," என்றாள். "அது நான் வைச்ச நிறைகுடம். தாங்கோ."

செல்வம் அண்ணை அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ஆத்திரம் வடிந்து, அந்த இடத்தில் பயம் வந்ததை நான் அருகில் நின்று கண்டேன். சுதனைப் பற்றி அவருக்குத் தெரியும். எதிரணிக் கோல் காப்பாளன் காணாமல் போன கதை யாருக்குத்தான் தெரியாது?

"பிள்ளை... நான் உன்னை நினைக்கேல்லை," என்றார்.

"தாங்கோ அண்ணை."

கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள். "தோளிலை ஏத்தினதை இறக்கக்கூடாது! தூக்கினவனுக்குக் கூடாது!"

அது உண்மைதான். அப்படித்தான் எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். ஏற்றிய குடம் உடைந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் சுமந்தவன் வீட்டுக்கே அது திரும்பும் என்பார்கள். செல்வம் அண்ணைக்கும் தெரியும். குடத்திலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. உடைத்துவிடுவாரோ? கை வழுக்கி விழுந்துவிடுமோ?

அவர் இரண்டு கைகளாலும் குடத்தை மெல்ல இறக்கி, அவள் கையில் வைத்தார். வசந்தி குடத்தை நெஞ்சோடு அணைத்து, ஓட்டைக்குள் தன் பெருவிரலை அழுத்தினாள். தண்ணீர் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம். ரயிலில்.

வசந்தி குடத்தோடு பஸ் தரிப்பிடத்துக்கு நடக்க, ரவி பின்னால் ஓடிவந்தார். "நில்லுமப்பா, வானிலை போவம்!" வசந்தி திரும்பிப் பார்க்கவில்லை. பொடியளை விட்டுவிட்டு ரவியாலும் வரமுடியாது, அங்கே கைகலப்பு எப்போது தொடங்கும் என்றிருந்தது. நான் நடுவர் உடையோடேயே, கழுத்தில் விசில் ஆட, அவளின் செருப்பையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"தண்ணியை ஊத்திப்போட்டு வெறுங்குடமாக் கொண்டு போவமே?" என்று பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன்.

"ஒரு சொட்டும் நிலத்திலை விழக்கூடாது. விழுந்தது போதும்."

என் வாழ்க்கையில் எத்தனையோ பயணம் போயிருக்கிறேன். ஷெல்லடிக்குள் நடந்து, படகில் ஏறி, பொய்க் கடவுச்சீட்டோடு விமானமும் ஏறியவள் நான். சென் தெனி நிலையத்திலிருந்து வில்லியே லே பெல் வரையான அந்த ரயில் பயணத்துக்குப் பயந்ததுபோல் வேறொன்றுக்கும் பயந்ததில்லை.

நிலைய வாயிலில் அவளுடைய பயண அட்டையை எடுக்க வேண்டியிருந்தது. என் பெருவிரலை ஓட்டைக்குக் கொடுத்தேன். விரல் மாறும் நேரத்தில் ஒரு சொட்டு வெளியே வர, வசந்தி உள்ளங்கையில் ஏந்திக் குடத்தின் வாய்க்குள் விட்டாள். ஓட்டையின் விளிம்பு கூராக இருந்தது. விரலுக்குள் மண் துகள் குத்தியது. எடுக்கத் துணிவு வரவில்லை.

ஞாயிறு என்றபடியால் ரயில் நெரிசல். சந்தைக்குப் போய் வந்தவர்கள், பிள்ளை வண்டிகள், ஒரு துவிச்சக்கர வண்டி. யாராவது முதுகால் இடித்தால் போதும். ஓட்டையில் வைத்த விரலை எடுக்காமலே, குடத்துக்கு முன்னால் காலை அகட்டிக்கொண்டு சுவர் மாதிரி நின்றேன். கறுப்பு உடையையும் விசிலையும் கண்டு பயணச்சீட்டுப் பரிசோதகர் என்று நினைத்தார்களோ என்னவோ, சனம் கொஞ்சம் ஒதுங்கியது. ஒரு வளைவில் ரயில் சடாரென்று பிரேக் போட்டது. நான் வசந்தி மேல் விழுந்தேன், குடம் கம்பியில் இடித்து 'டொக்' என்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். குடத்தைத் தடவிப் பார்த்தோம். கீறல் இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

எதிர் இருக்கையில் இருந்த பிரெஞ்சுக் கிழவி எழுந்து வசந்திக்கு இடம் கொடுத்தார். "அழகான குடம் மதாம். செடி வைக்கவா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"வுய், மதாம்," என்று தலையாட்டினாள் வசந்தி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, பொழுதுபடமுன். வீடு.

பாதிக் குடத்துக்கும் குறைவாகத் தண்ணீர் இருந்தது. அதை அவள் ஒரு சொட்டுச் சிந்தாமல் கேத்தலுக்குள் ஊற்றி, அடுப்பில் வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன செய்யிறாய் வசந்தி? அந்தத் தண்ணியையோ?"

"காலமை என்ர பைப்பிலை பிடிச்ச தண்ணி அக்கா. ஆலடியார் தோளிலை தூக்கினாப்போலை தண்ணி மாறிப்போகுமோ?"

ரவியும் அப்போது வந்துவிட்டார். கைகலப்பு நடக்கவில்லையாம். எல்லோரும் பேசாமல் கொடியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்களாம், அது இன்னும் பயமாக இருந்ததாம். நீலச் சட்டைகளை வானுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் தொலைபேசி அடித்தது. செல்வம் அண்ணை. ரவி ஒலிபெருக்கியில் போட்டார்.

"பிள்ளை நிக்கிறாளே? வழியிலை உடைஞ்சதோ?"

"இல்லை அண்ணை, முழுசாக் கிடக்கு," என்றாள் வசந்தி.

"என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை. எனக்கு இப்ப கண்ணை மூடப் பயமாக் கிடக்கு."

"எனக்கும் பத்து வருஷமா அப்பிடித்தான் அண்ணை. வீட்டை வாங்கோ ஒருநாள், தேத்தண்ணி குடிக்க."

தேத்தண்ணீர் நான்கு கோப்பைகளில் வந்தது. ரவிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. சுடலைக் குடத்துத் தண்ணீரை நான் பயந்து பயந்துதான் குடித்தேன். இஞ்சி போட்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. நாலாவது கோப்பை மேசையில் ஆவி பறக்க இருந்தது. வசந்தி தன்னுடையதைக் குடித்து முடித்து, அந்தக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். படத்தின் பக்கம் நடந்தாள். ரவி என்னைப் பார்த்தார். நான் ரவியைப் பார்த்தேன். இறந்தவர்களின் படத்துக்கு முன்னால்தான் எங்கள் சனம் படையல் வைக்கும். பத்து வருடமாக வைக்காததை இவள் இன்றைக்கு வைக்கப் போகிறாளா?

படத்துக்கு முன்னால் நின்று, தம்பியைப் பார்த்துக்கொண்டே, அந்தத் தேத்தண்ணீரையும் அவளே குடித்து முடித்தாள்.

திங்கட்கிழமை, காலை.

பெட்டியைக் கட்டிக்கொண்டு குசினிக்குப் போனேன். குடத்தைக் கழுவித் துடைத்து, யன்னலோரம் கவிழ்க்காமல் நேராக வைத்திருந்தாள். நேற்றைய குங்குமம் அழிந்திருந்தது, புதிதாக வைத்திருந்தாள். ஓட்டை வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதை என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டேன். "ஓட்டைக் குடத்தை வீட்டிலை வைச்சிருக்கிறது கூடாதெண்டு ஆரும் சொல்லுவினம்."

"சொல்லட்டும்." அவள் எனக்கு இடியப்பம் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "ஊரிலை அம்மா இருக்கிறா அக்கா. எண்பது வயசு. அவவுக்குக் குடம் தூக்க எங்கடை வீட்டிலை அவன் ஒருத்தன்தான் ஆம்பிளை. அம்மாவுக்கு முன்னம் அவனுக்கு ஆரும் உடைக்கக் கூடாது. அவன் வந்து அம்மாவுக்கு உடைக்கட்டும். இந்தக் குடத்தையே உடைக்கட்டும். அதுக்காகவாவது வருவான்தானே?"

எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இடியப்பப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

கார் து நோரில் ரவி ஏற்றிவிட்டார். லண்டனில் என் வீட்டிலும் ஒரு நிறைகுடம் இருக்கிறது. பித்தளை. கீழே விழுந்தால் நெளியும், அவ்வளவுதான். அதை நான் ஒருநாளும் பயத்தோடு பார்த்ததில்லை. ரயில் கடலுக்கு அடியில் இறங்கி யன்னல் இருண்டது. பெட்டி ஒருமுறை குலுங்கியது. மடியில் இருந்த இடியப்பப் பொட்டலத்தின் பக்கவாட்டில், குடத்து ஓட்டையை அடைப்பது போல, என் பெருவிரல் அழுந்திக் கிடந்தது. எடுக்கத் துணிவில்லாமல் லண்டன் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.